மாமன் மடி

போன வாரம் பண்பொழி மலைக்கோவிலில் என் பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தலையில் அப்பிய சந்தனத்தோடு அவளை என் கையில் கொடுத்தார்கள். அந்த மணத்தோடு நீ வந்து நின்றாய். செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, சொல்லாமல் கொள்ளாமல் வருகிற பழக்கம் மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் குத்துக்கல்வலசையில் நாம் இருவரும் நடத்திய விடுதியைப் பற்றிச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊரே குளிக்க வரும். அருவிக்குப் போகிற பாதையோரம் தொழுநோய்க்காரர்கள் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நோய் கிடையாது, ஆனாலும் சொந்தக்காரன் சேர்க்க மாட்டான். அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் உலை வைத்தேன். நீ சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்தாய். எல்லாம் அனாதைப் பிள்ளைகள் என்று, வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் கூசாமல் பொய் சொன்னவனும் நீதான்.

மாரிக்கு அப்போது ஆறு வயதிருக்கும். மூளிக்காது என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அழுதாள். அருவிப் பாதையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவிடம் போய்க் கேட்டோம். குத்தலாம், ஆனால் முறைப்படி தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று அவள் பிடிவாதமாகச் சொன்னாள். ராயகிரியில் இருந்த அவளுடைய அண்ணனைப் பார்க்கப் போனோம். அவன் நம்மை வாசலோடு திருப்பி அனுப்பினான். திரும்பி வந்து மாரியின் அம்மாவிடம் நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"மாமன் மடிதான வேணும்? என் மடியில என்ன முள்ளா இருக்கு?"

இதே மலைக்கோவிலில், மொட்டை போட்டு, உன் மடியில் வைத்துத்தான் மாரிக்குக் குத்தினார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் உன் கையைக் கடித்துவிட்டாள். மலையடிவாரத்தில் அவள் அம்மா காத்திருந்தாள். மகளைப் பார்த்ததும் கையை நீட்டி, உடனே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "தொடும்மா, ஒழுங்கா மாத்திரை சாப்பிடுதல்லா, ஒண்ணும் ஆவாது" என்றாய். விரல் மழுங்கிய கையால் அவள் அந்த மொட்டைத் தலையைத் தடவினாள். நீ சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவன்போலக் குனிந்துகொண்டாய். அதற்குப் பிறகு விடுதியில் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தினாலும் மாமன் நீதான். கல்யாணமாகாதவனுக்கு இத்தனை மருமக்களா என்று நான் கேலி செய்வேன்.

பல வருஷம் கழித்து உன் தங்கைக்கு ஒரு மகன் பிறந்தான். தென்காசியில் காதுகுத்து. ஒரு மாதமாக உன் வாயில் வேறு பேச்சில்லை. பட்டுச் சட்டையும் கடுக்கனும் வாங்கி, சீர்த்தட்டை நீயே தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிப் போனாய். வாசலிலேயே உன் தங்கை எதிரே வந்தாள். அவள் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, தட்ட மட்டும் வச்சிட்டுப் போ. பிள்ளைய நீ தூக்க வேண்டாம்னு அவுக வீட்டுல சொல்லுதாக."

உள்ளே நாயனம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "சரி தாயி" என்று தட்டை வைத்துவிட்டு, அங்கிருந்தே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். பிறகு, "பய நல்ல செவப்பு வே" என்றாய். எனக்கு அழுகை வந்தது, உனக்கு வரவில்லை.

தங்கையைப் பற்றி ஒரு நாளும் நீ குறை சொல்லவில்லை. அவள் பயந்ததில் என்ன தப்பு, ஊர் அவளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறது என்பாய். பயல் நடக்கிறானாம், பள்ளிக்கூடம் போகிறானாம் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்து என்னிடம் சொல்வாய். என்றாவது அவளே அழைப்பாள் என்று நினைத்திருந்தாய். அழைப்பு வருவதற்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

உன்னை விடுதி முற்றத்தில் கிடத்தியிருந்தோம். மாரியும் மற்ற பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து மாமா, மாமா என்று கதறினார்கள். அப்போதுதான் உன் தங்கை தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பயல் வாசல் நடையிலேயே நின்றுவிட்டான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"தொட்டுக் கும்பிடுலே, ஒன் மாமாலே."

பயந்து பயந்து அவன் உன் காலைத் தொட்டான். பிறகு கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். நீ சொன்னது சரிதான், நல்ல சிவப்பு. அவன் தொட்டது உனக்குத் தெரியாமல் போனதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தாலும், உனக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன்.