இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து

லிங்கராஜபுரம், பெங்களூரு
18 மார்ச் 2025

அன்பு மகள் கேரலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், நீயும் அந்த ஷில்லாங் குளிரில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை முடிந்ததும் உனக்காகத் தனியாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறோம். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைத் திறந்து படிக்கும் உங்கள் மடத்து மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கும் என் வணக்கம். அவர்கள் தமிழ் நன்றாகப் படிப்பார்கள் என்று நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய், இந்த ஒரு தடவை மட்டும் எனக்கு அது இடைஞ்சல்தான், இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே மார்ச்சிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது, காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, மாடி ஏறும்போதெல்லாம் அந்தப் படியை நான் கட்டிய மாதிரி என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். கோவில் பாட்டுக் குழுவில் உன் இடத்துக்கு இன்னும் யாரையும் சேர்க்கவில்லை.

உன் கோல்டு ஃபிஷ் சார்லி பதினோரு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. தொட்டியின் மூலையில், அடிமண்ணை ஒட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. தீனி போட்டால் மேலே வருவதில்லை, அது ஊறிக் கரைவதற்குள் நான் டீ வடிகட்டியால் எடுத்து வெளியே போடுகிறேன், காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. நீ சொன்னபடி பட்டாணியை வேகவைத்துத் தோல் உரித்து மசித்து மூக்குக்கு எதிரிலேயே போட்டுப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. தவக்காலத்தில் நாம் கறியை விட்டால் இது சாப்பாட்டையே விட்டுவிட்டது என்று அம்மா முதல் வெள்ளிக்கிழமை கேலி செய்தாள், இப்போது அவளும் அந்தப் பக்கம் போனால் சிலுவை போட்டுக்கொண்டு போகிறாள். கோயில் தெருவில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறானே ஷெர்வின், அவனைக் கூட்டி வந்து காட்டினேன். வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்து நிற்கின்றன, அதைப் பார்த்ததுமே அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டான். "செதில் எழும்பிட்டா ஒண்ணும் பண்ண முடியாது அங்கிள், சும்மா காசுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்றான். பிறகு வடிகட்டும் பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "தெனம் கொழாத் தண்ணி புடிச்சு ஊத்தி, பஞ்சையும் கழுவி, தண்ணில இருந்த நல்ல கிருமியெல்லாம் சாக அடிச்சிட்டீங்க. மொதல்ல இதுக்கு என்னா ப்ராப்ளம்னு இதெல்லாம் பண்ணீங்க?" என்று கேட்டான். நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவனிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன் கண்ணு. சார்லிக்கு ஒரு ப்ராப்ளமும் இருக்கவில்லை. ஜனவரியில் நான் எழுதினேனே, நீ போனதிலிருந்து சார்லி சரியாகச் சாப்பிடவில்லை, உன் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று, அது பொய். வீம்புக்கு எழுதியது. மே மாதத்தில் துறவறத்துக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டால் நீ அந்த மடத்துப் பிள்ளைதான், அதற்குள் உன் மனசு கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பாதா என்றுதான் எழுதினேன். எனக்காக வா என்று கேட்க வாய் வரவில்லை, ஒரு மீனை முன்னால் தள்ளினேன். நிஜத்தைச் சொன்னால் நீ போன மறுநாளே அது வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து நின்றது. நீ போனதற்காக இந்த வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, நானும்தான்.

பிப்ரவரியில் உன் பதில் வந்தது, நாலு பக்கம், மூன்றரைப் பக்கம் வைத்தியம். அம்மா சத்தமாகப் படித்தாள். மூன்று நாள் பட்டினி போடச் சொன்னாய், எப்சம் சால்ட் எவ்வளவு என்று ஸ்பூன் கணக்கு எழுதினாய், தண்ணீரைக் கால் பங்கு மட்டும் மாற்றச் சொன்னாய். அது நல்லாத்தான் இருக்கு என்று நான் அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட்டாள், நானும் நல்லபிள்ளையாகப் பின்னால் போனேன். கால் பங்குத் தண்ணீர் என்றதும், "அழுக்குல காலு மாத்தி என்னா ஆவும், பூரா மாத்துங்க" என்றாள். பொம்மசந்திரா ஃபேக்டரியில் முப்பது வருஷம் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தவன் நான், எழுதிக் கொடுத்த அளவை மீறினால் சூப்பர்வைசரையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் வாயை மூடிக்கொண்டு பூராவும் மாற்றினேன், தினமும் மாற்றினேன், வைத்தியத்தில் குறை வைத்தால் சந்தேகம் வந்துவிடுமோ என்று. நன்றாக இருந்த மீனை என் கையாலேயே நோயில் தள்ளினேன்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் நீ ஒரு வரி எழுதியிருந்தாய், சார்லியை விட்டுட்டு வந்தது தப்பா அப்பா என்று. அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை அழுகிறாள் என்று தெரிந்து தகப்பன் நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அந்தத் தொட்டிப் பக்கம் போகக் கூசுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பொய் சொன்னேன் சாமி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன், மீன் கதையைச் சொல்ல வெட்கம், பின்னால் வரிசை வேறு. தப்பு உன் பேரில் ஒன்றும் இல்லை கண்ணு. நீ நிம்மதியாகத்தான் விட்டுவிட்டுப் போனாய், அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு நீ வார்த்தைப்பாடு கொடுக்கவும் வேண்டாம், கொடுக்காமல் இருக்கவும் வேண்டாம்.

மே மாதத்துக்கு அம்மா மட்டும் வருவாள் என்று எழுதியிருந்தேன், நானும் வருகிறேன். சந்தோஷமாக வருகிறேன் என்று மட்டும் எழுதச் சொல்லாதே, இன்னொரு பொய் வேண்டாம். நீ திரும்பி வருவாய் என்று இனிமேல் நான் எதிர்பார்க்கவில்லை. சார்லி பிழைக்கும் என்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் காலையில் ரெண்டு உருண்டை போட்டுப் பார்க்கிறேன், பிறகு வடிகட்டியை எடுக்கிறேன். ஸ்பீட் போஸ்டில் போட்டாலும் இது உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும், அதனால் இந்தத் தடவை மருந்து எதுவும் எழுதாதே. கம்பளி சாக்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் காலில் போடு, பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், மாதா உன்னைக் கைவிட மாட்டாள். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, தான் பூராத் தண்ணீரையும் மாற்றச் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று சமையலறையில் நின்று அழுகிறாள். நாலு தடவை சொல்லப் போய் வாயைத் திறந்து மூடிவிட்டு வந்தேன். உன் பதிலை எப்போதும் போல அவள்தான் சத்தமாகப் படிப்பாள். அதில் நீயே எல்லாவற்றையும் எழுதிவிடு. நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நோயல்