குழந்தையை யார் தூக்குவது

1934 மே 9
பேரன் வின்சென்ட் பிறந்து பதினாறாம் நாள். லீனாவின் அம்மா இல்லாத வீட்டில் ஒழுங்கு இல்லை என்று மருமகனின் அக்கா அமலம்மாள் சொன்னார். குழந்தையை யார் எப்போது பார்ப்பது என்று காலையிலேயே உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். முப்பத்து நான்கு வருடம் ஆபீசில் குமாஸ்தாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவனுக்கு இது பெரிய காரியமில்லை. ஆறு முதல் எட்டு, அமலம்மாள். குளிப்பாட்ட, மலாய் மருத்துவச்சி சலேஹா. பத்து முதல் பன்னிரண்டு, பக்கத்து வீட்டு ரீத்தா. மாலை நான்கு முதல் நான்கரை, அடியேன் (தொட்டிலை ஆட்ட மட்டும்). இடையில் இன்னும் மூன்று பேர். சிவப்பு மையில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள். மகள் லீனா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இப்போது எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

மே 12
லீனாவுக்கு என்ன என்று பார்க்க நான்கு பெண்மணிகள் வந்தார்கள். நான்கு முடிவு: கண்ணேறு, காற்று, செல்லம், படிப்பு. படிப்பு என்றவர் என்னைப் பார்த்தார். கான்வெண்டில் சேர்த்தது நான்தான். நான்குக்கும் தலையாட்டினேன்.

மே 17
"கல்லு மனசு மாமா. பிள்ளை கத்துறான், பெத்தவ மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா" என்றார் அமலம்மாள். தலையாட்டினேன்.
ஆனால் மதியம் எல்லோரும் சாப்பிடும்போது, லீனா தொட்டிலருகே நின்று குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்திருந்தாள். உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைத்தேன். "முன்னூத்திப் பன்னெண்டு" என்றாள். மூச்சை எண்ணுகிறாள். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், திருடியவளைப் போல.
கல் மனதா இது?

மே 18
சலேஹாவிடம் மலாயில் கேட்டேன். என் மலாய் ஆபீஸ் மனுவில் கற்றது, சிரித்துவிட்டாள். "தாக்குட்லா, துவான்" என்றாள். பயம். பிறகு, "உங்க வீட்டுல அவ கையில பிள்ளைய யாரு குடுக்குறா?" என்று கேட்டாள்.
போய் அட்டவணையைப் பார்த்தேன். ஏழு பெயர். ரீத்தாவின் பள்ளிக்கூடத்து மகளுக்குக்கூட அரை மணி. லீனா இல்லை. பெற்றவளை விட்டுவிட்டேன். படித்துப் பாராட்டிய ஒருவரும் கேட்கவில்லை. ஓய்வு கொடுக்கிறோமாம்.
திருத்த வேண்டும். அமலம்மாள் என்ன நினைப்பார்?

மே 19
திருத்தவில்லை.

மே 24
சுங்கை பாக்காப் தோட்டத்தில் வேலை பார்க்கும் மருமகன் அந்தோணிராஜின் கடிதம். ஜூன் 10, ஞாயிறு, லீனாவுக்கு நாற்பது கழிந்து சாமியார் அவளை மாதா கோயில் வாசலில் ஆசீர்வதித்து உள்ளே அழைக்கும் நாள். அன்றே அமலம்மாள் குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். லீனா குணமான பிறகு வரலாமாம்.
அமலம்மாளுக்குப் பிள்ளை இல்லை. நல்லவர்தான். அதனால் மறுக்க வாய் எழவில்லை. எதற்குத்தான் எழுந்தது?

ஜூன் 2
மாலை நான்கு மணி, என் முறை. படுக்கையிலிருந்து லீனா, "அக்கா அவனைக் கொண்டுபோறது நல்லதுதானேப்பா?" என்றாள்.
"ஏம்மா?"
"எங்கிட்ட இருந்தா செத்துருவான். தூக்கினா நழுவி விழுறான். கனவுல இல்லப்பா, முழிச்சுக்கிட்டே பாக்குறேன்."
தைரியமான தகப்பன் என்ன சொல்வானோ. எனக்கு உண்மைதான் வாய்க்கு வந்தது. நீ பிறந்து ஆறு மாதம் நான் உன்னைத் தூக்கவில்லை, பயம், ஆபீசில் வேலை அதிகம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு எல்லோரும் போன பிறகும் பழைய காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன், அந்த உழைப்பைப் பார்த்துத்தான் துரை பதவி உயர்வு கொடுத்தார் என்றேன்.
சிரித்தாள். நாற்பது நாளில் முதல் முறை. பிறகு அழுதாள். குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்து, அடியில் என் கையையும் கொடுத்தேன். "எடுத்துருங்க" என்னும் வரை மூன்று நிமிடம்.

ஜூன் 7
இன்று மடியில் பதினொரு நிமிடம். நேற்று ஒன்றுமில்லை, சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தாள். மருமகனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் "தாழ்மையுடன்" என்று தொடங்கி, சம்மதித்து முடிந்தன. கிழித்தேன்.

ஜூன் 10
பூசை முடிந்தது. வாசலில் ரிக்‌ஷா. குழந்தை அமலம்மாள் தோளில். "வரேன் மாமா."
"வேண்டாம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், அளவு தெரியாமல். சாமியாரே திரும்பிப் பார்த்தார்.
"என்ன வேண்டாம்?" என்றார் அமலம்மாள்.
"பிள்ளை அவன் அம்மாகிட்ட இருக்கட்டும்மா."
"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"
"சொல்வேன்." என்ன பதில் என்று இன்னும் தெரியவில்லை.
மருமகன் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீனா கை நீட்டவில்லை. நான்தான் வாங்கினேன். வீடு வரை குழந்தையின் துணி நுனியைப் பிடித்தபடியே நடந்து வந்தாள். அமலம்மாள் ரிக்‌ஷாவில் அழுதுகொண்டு போனார். அதற்கு நான் என்ன செய்ய.

ஜூலை 15
லீனா சில நாள் இன்னும் எழுந்திருப்பதில்லை. அந்த நாட்களில் அமலம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார், என்னோடு பேசுவதில்லை.
இன்று மாலை குழந்தையைத் தோளில் போட்டு உலாத்தினேன். எனக்கே கொஞ்சம் பெருமை. உள்ளேயிருந்து லீனா வந்தாள். "நீங்க குலுக்குற குலுக்கல்ல அவனுக்கு விக்கல் வந்துருச்சுப்பா. குடுங்க இங்க."
கொடுத்துவிட்டேன்.