வாயாடியின் வாயை அடைத்தது யார்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனசைப் பற்றிக் கேட்காதே, வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

வீட்டிலும் பள்ளிக்கூட மொழியையே பேசுங்கள், அப்போதுதான் பிள்ளை தேறும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம், நீயும் அங்கிருந்தே தலையாட்டி உன் பெண்டாட்டிக்கு உத்தரவு போட்டுவிட்டாய். அந்த மொழியில் அவளுக்கு என்ன தெரியும்? வா, போ, சாப்பிடு, தூங்கு, கூடாது. மாதக்கணக்கில் தாய் மகளிடம் பேசுவது இவ்வளவுதான். நீ வாயாடி என்று செல்லப் பெயர் வைத்தாயே, அந்தப் பிள்ளை போன வாரம் குளிப்பாட்டும்போது என் காதில் ரகசியமாகக் கேட்கிறாள், பாட்டி, அம்மாவுக்கு எம்மேல கோவமா, ஏன் எங்கூடப் பேசறதில்ல என்று. சோப்பு கண்ணில் பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இது போதாதென்று வகுப்பில் படம் காட்டி இது என்ன என்று அவர்கள் மொழியில் கேட்டார்களாம், இவள் வாயே திறக்கவில்லையாம், உடனே மந்தம் என்று முடிவு கட்டி அடுத்த மாதம் முதல் மாடிப்படிக்குக் கீழே தனி அறையாம். நானும் மருமகளும் நேரே போனோம். வாசல் சுவரில் ஏழெட்டு மொழியில் வணக்கம் எழுதியிருக்கிறார்கள், நம் எழுத்திலும் உண்டு, அந்த வணக்கத்தோடு சரி. தனி அறையை எட்டிப் பார்த்தேன், காது கேளாத ஒரு பெண்ணும் மாடி ஏற முடியாத ஒரு பையனும் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்காக வகுப்பைக் கீழே இறக்க மனமில்லை, அவனை மூலையில் போட மட்டும் மனம் வருகிறது. பள்ளி வண்டி ஓட்டுகிறவர் நம் பேச்சுக்காரர், அவரை நடுவில் நிறுத்தி, அதே படங்களை நம் மொழியில் கேளுங்கள் என்றேன். பிள்ளை எல்லாவற்றையும் சொன்னதோடு விடாமல், ஆட்டுக்கு மூணு கால்தான் வரைஞ்சிருக்கீங்க, இன்னொண்ணு எங்கே என்று தலைமை ஆசிரியையையே கேட்டாள். ஓட்டுநர் சிரித்துவிட்டார், அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இதெல்லாம் கணக்கில் வராது, பிள்ளையோட அப்பா சம்மதிச்சாச்சு, பாட்டி சொல்லி மாத்த முடியாது என்றாள்.

சம்மதமாம்! உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. ஒன்றாம் வகுப்பில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அந்த மொழியில் கேட்கத் தெரியாமல் கால்சட்டையை நனைத்தாய், டீச்சர் உன்னைச் செருப்பு விடும் இடத்தில் உட்காரவைத்தாள். அதை அலசிப்போட்டவள் நான். அந்த டீச்சர் இன்று கோலூன்றி நடக்கிறாள், எதிரே வந்தால் இன்னமும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். உன்னையும் அவளோடு சேர்க்க வைத்துவிடாதே. அந்த மொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நம் பேச்சில் விஷயம் புரிந்தால் அதுவும் கூடவே வரும். நேற்று முதல் உன் உத்தரவு இங்கே செல்லாது. மருமகள் தையல் மிஷின் ஊசி தன் விரலில் ஏறிய கதையைச் சொன்னாள், வாயாடி அப்புறம், அப்புறம் என்று அவளைச் சாப்பிடவே விடவில்லை.

நோய்நொடி இல்லாமல் நல்ல பெயரோடு இரு, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கடிதம் கிடைத்ததும் தலைமை ஆசிரியையைக் கூப்பிட்டு, சம்மதம் இல்லை என்று சொல். அதன்பிறகு வீட்டுக்குக் கூப்பிடு. போனை எடுப்பது நானாக இருக்காது, உன் மகள். ஏம்பா என்னை அந்த ரூமுக்கு அனுப்பச் சொன்னே என்று கேட்பாள். நம் மொழியில்தான் கேட்பாள், பதிலை யோசித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்