பேசின் ஆடியதற்குக் காரணம்

மச்சான்,

குளியலறை பேசினை நானே கழற்றி மாட்டிவிட்டேன். பழைய ஸ்குரூ துருப்பிடித்து, சுவருக்குள் இருந்த பிளக் நொறுங்கிப்போயிருந்தது. புதிதாகத் துளையிட்டு நீளமான போல்ட் போட்டிருக்கிறேன். ஓரத்தில் பூசிய சிலிக்கான் காயவேண்டும். நாளைக் காலைவரை தொடாதீர்கள். டிரில்லை எதிர்வீட்டு அண்ணாதுரையிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று மாமாவிடம், உங்களைப் பெற்றவரிடம், "அத்தா, நீங்க கைய ஊனி ஊனித்தான் இது ஆடுது" என்று கத்தினீர்கள். இன்று லுஹர் தொழுகைக்கு ஒளு செய்ய அவர் சமையலறைக்கு வந்து, "இங்க கழுவிக்கலாமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

தப்பு அவர்மேல் இல்லை என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கத்தியவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.

சம்சுன்னிசா

பி.கு.: மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது. மாமா மதியம் சாப்பிடவில்லை. கூப்பிட்டதற்கு, "அவன் வரட்டும்லா" என்றார்.