பிரைமர் அறையின் வர்ணனையாளனுக்கு

இன்று காலை மனைவி எவர்சில்வர் தட்டில் பச்சைப்பயறைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியையும் அந்தத் தட்டிலேயே வைத்திருந்தாள். யாரோ அழைத்தார்கள். மணி ஒலிக்கவில்லை, அதிர்வு மட்டும். தட்டு 'ர்ர்ர்' என்று நடுங்க, பயறுமணிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விளிம்பை நோக்கி ஊர்ந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்கு இப்பிடிச் சிரிக்கிய?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டாள். நீ போய் எட்டு மாதமாகிறது. உன் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்னும் சிரிப்புதான் முதலில் வருகிறது.

குளச்சல்காரன் நீ, கருங்கல்காரன் நான். பக்கத்துப் பக்கத்து ஊர். ஆனால் நாம் சந்தித்துக்கொண்டது வளைகுடாவில், ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் பின்கட்டில். போட்டிக்காரர்கள் சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடுகளைக் கழுவி, மறுபடி மருந்து நிரப்பித் தோட்டாவாக்கும் அறை அது. முதல் நாள் நான் பேசிய முதல் வாக்கியத்திலேயே, "நம்ம ஊருதானாலே மக்கா?" என்று கட்டிப்பிடித்தாய். அறையிலிருந்த மற்றவர்கள் நாம் அண்ணன் தம்பி என்றே நினைத்தார்கள்.

நமக்குக் கொடுத்த வேலை பிரைமர். தோட்டாவின் அடியில் பதிக்கிற, மிளகளவுச் சின்னக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி தட்டினால் பொறி கக்கி மருந்தைப் பற்றவைப்பது அதுதான். தட்டில் அவற்றைக் கொட்டி, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி குலுக்கி, ஒல்லிக் குழாயின் நுனியால் ஒவ்வொன்றாகக் குத்தி ஏற்ற வேண்டும். ஒரு குழாய்க்கு நூறு. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. உனக்கோ சிறு வயது முதலே கை நடுக்கம். தேநீர்க் கண்ணாடி டம்ளரை நீ தட்டில் வைத்தால் மணியடிப்பதுபோல் சத்தம் கேட்கும். நீ பத்து ஏற்றுவதற்குள் நான் ஒரு குழாயை முடித்துவிடுவேன். சூப்பர்வைசர் பார்க்காத நேரம் என் குழாய்களில் இரண்டை உன் பக்கம் நகர்த்தி வைப்பேன். "நீ ஒரு மலக்கு மக்கா, ரெக்கைதான் இல்ல" என்று என்னைத் தேவதூதனாக்கிவிடுவாய்.

பிறகு அந்த இயந்திரம் வந்தது. பிரைமர்களைக் கொட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் போதும், தானே குழாயை நிரப்பிவிடும் என்றார்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், "இனி இந்த வேலைக்கு ஒரு ஆள் மதி, ரெண்டு பேர் வேண்டாம்." அன்றும் நாம் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். கூடப்பிறந்தவன்போல் பழகிய உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கை நடுங்காது, என்னைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பின்னால் என்னைப் பல வருடம் குத்தியது.

பெரிய போட்டி முடியும்வரை இருவரையும் வைத்திருந்தார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நீ வேறு ஆளாகிவிட்டாய். வட்டக் கிண்ணம் அதிர, பிரைமர்கள் உட்சுவரின் சரிவில் வரிசையாக ஏறும். தலைகீழாக வருவது ஓரிடத்தில் கால் தவறி மறுபடி கிண்ணத்துக்குள் விழும். நேராக வருவது மட்டும் குழாய்க்குள் இறங்கும். உனக்கு அது கால்பந்து மைதானமாகத் தெரிந்தது. "வாறான், வாறான், பதினொண்ணாம் நம்பர் தனியா வாறான்! ஓரமாப் போறான்... ஐயோ, சவம் விழுந்துட்டே!" என்று வர்ணனை செய்வாய். தமிழே தெரியாத பிலிப்பைன்ஸ்காரர்கள் அடுத்த அறையிலிருந்து வந்து நின்று கைதட்டுவார்கள். நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து, அதன் ஓசை உனக்கு மனப்பாடமாகிவிட்டது.

பெரிய போட்டியன்று நடந்ததை நீ எத்தனை முறை சொன்னாலும், உன் பங்கைக் குறைத்தேதான் சொல்லுவாய். இப்போது நான் சொல்கிறேன், கேள்.

மதியம் மூன்று மணி. வெளியே போட்டியாளர்கள் காத்திருக்க, தோட்டா போதவில்லை. இயந்திரம் அதிர்ந்துகொண்டே இருந்தது, பிரைமர்கள் இறங்கவில்லை. "வேகம், வேகம்!" என்று சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "கம்பி எடுத்து ஒண்ணு குத்திவிடு." நான் கம்பியை எடுத்துவிட்டேன். என் கைதான் நடுங்காதே.

"தொடாதலே!"

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கை எப்போதும்போல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பிடி மட்டும் விடவில்லை. "சத்தம் மாறிட்டு. ஒண்ணு குறுக்க நிக்கி. குத்தினா அது வெடிக்கும், கீழ உள்ள மிச்சம் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்" என்றாய். சூப்பர்வைசர் கத்தினார். நீ மின்சாரத்தை நிறுத்தி, எல்லாரையும் வெளியே போகச் சொன்னாய். நான் போகவில்லை. "நீயும் போ மக்கா, உனக்குப் பிள்ளை இருக்கு" என்றாய். உனக்கு மூன்று இருந்தது, எனக்கு ஒன்றுதான். நான் அதைச் சொன்னதும் அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முகக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டோம். கிண்ணத்தை மெல்லக் காலி செய்தோம். குழாயின் வாயில் ஒரு பிரைமர் பக்கவாட்டில் சிக்கி, விளிம்பு நசுங்கி நின்றது. அதற்குக் கீழே எழுபதுக்கு மேல். நீ குழாயை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடிப்பகுதியைத் திறந்து மற்றவற்றைக் கீழே இறக்கினாய். நசுங்கியதை வெடிக்காதபடி எண்ணெயில் ஊறவைத்தோம். போட்டி ஒரு மணி நேரம் தாமதம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கதவைத் திறந்து வெளியே வந்ததும் சூப்பர்வைசர் உன்னை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நான் வெளியே கொண்டுவந்த கம்பியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். மறுநாள் மேனேஜரிடம் அவர் சொன்னதை நாம் சன்னலோரம் நின்று கேட்டோம்: "இதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தன் ஓட்டணும். மத்தவன் நிறுத்தணும்." நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். ஏழு வருடம் அப்படியே ஓட்டினோம், நிறுத்தினோம்.

ஊர் திரும்பிய பிறகும் அந்த நிம்மதி எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் குளச்சல் மைதானத்தில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடைவேளையில் உன்னிடம் சொல்லிவிட்டேன். உன்னை அனுப்பிவிடுவார்கள், நான் தப்பித்தேன் என்று நினைத்ததைச் சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாய்.

"ஏலே, நானும் அதத்தான நெனச்சேன்! இவனுக்குப் பொறுமை கெடையாது, எப்பிடியும் இவனைத்தான் அனுப்புவாங்கன்னு. அல்லாவுக்கு நன்றி கூடச் சொன்னேன் மக்கா!"

ஆட்டம் மறுபடி தொடங்கியதுகூட நமக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நம்மைக் கிறுக்கர்கள் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். அதற்கப்புறம் நீ நாலு மாதம்தான் இருந்தாய். அந்த ஒரு மத்தியானம் நமக்குக் கிடைத்ததே, அது போதும்.

நீ போன பிறகு, மனதில் உள்ளதைச் சொல்ல எனக்கு முன்புபோல் தயக்கமில்லை. போன வாரம் மகளிடம் சொன்னேன், "உன் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்காம இழுத்தடிச்சது மாப்பிள்ளை மேல உள்ள குறையில இல்ல மக்களே. நீ போனா வீட்ல உன்ன மாதிரி பேச ஆளில்லியேன்னுதான்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள், "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. அதான் ரெண்டு தெரு தள்ளி வீடு பாத்தேன்."