தண்ணீர்மலையில் நாம் கேட்ட கேள்விகள்

அன்பான சிவலிங்கத்தின் அப்பாவுக்கு,

உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எழுதும் கடிதம் இது. பிழை இருந்தால் உங்கள் வழக்கப்படி பென்சிலால் திருத்திக்கொண்டே படியுங்கள். பினாங்கில் நம்மைப் போலத் தோட்டக் கம்பெனிகளில் பங்கு வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் இருக்கிறார்களே, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் பேத்தி ராஜம் கான்வென்ட்டில் கடைசி வகுப்பை முடித்துவிட்டாள். மேலே படிக்கச் சிங்கப்பூர் போகவேண்டும் என்கிறாள். அவள் இங்கிலீஷ் வாசிக்கிற அழகைப் பற்றி நான் சொல்லாத ஆள் ஆயர் ஈத்தாம் பாசாரில் இல்லை. மீன் விற்கும் சீனர்கூட என்னைக் கண்டால் மீனை எடுக்குமுன் ராஜத்தைத்தான் விசாரிக்கிறார்.

ரப்பர் விலை விழுந்துவிட்டது. நீங்கள் கண்மூடிய மறு வருஷமே விழ ஆரம்பித்து இன்னும் எழவில்லை. நீங்கள் இதைப் பார்க்காமல் போனது நல்லது என்று சிவலிங்கம் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் இருந்தால் இதையும் கவனமாகப் படித்திருப்பீர்கள்.

நீங்கள் படிக்கிற விதமே தனி. கணக்கு எழுதும் கிராணியாக நீங்கள் இருந்த கப்பல் கம்பெனியில், துரை படித்துவிட்டுப் போட்ட பத்திரிகையைச் சாயங்காலம் மடித்துக் கொண்டுவருவீர்கள். பழைய விலையைப் படித்து என்ன பயன் என்று கேட்டால், "இன்னிக்கு விக்கிறவனுக்குத்தான் இன்னிக்கு விலை வேணும். எனக்கு நேத்து விலை போதும்" என்பீர்கள். கம்பெனி அறிக்கை வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பீர்கள். கணக்கு, மழையளவு, எத்தனை ஏக்கரில் பால் வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் முதலில். தலைவரின் பேச்சு கடைசியில். "கல்யாண வீட்டுக்காரன் சாப்பாட்டைப் பத்திச் சொல்றதை நம்பலாமா? பந்தியில உக்காந்து எந்திரிச்சவன்கிட்ட கேளு."

அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களைத் தேடித்தான் நாம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் மோர்ப்பந்தல் போட்டோம். புண்ணியத்துக்கும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அக்கரைத் தோட்டங்களிலிருந்து சனங்கள் ரயிலேறிப் பிறைத் துறைக்கு வந்து, கப்பலில் இக்கரை சேர்ந்து, வெயிலில் நடந்து வருவார்கள். ஆண்களிடம் நீங்கள் கேட்டால் அவர்கள் வீறாப்புப் பேசுவார்கள். என்னிடம் பெண்கள் உள்ளதைச் சொன்னார்கள். எந்தத் தோட்டத்தில் தண்ணீர் நல்லது, எங்கே காய்ச்சல், எந்தக் கங்காணி கூலியைப் பிடிக்கிறான் என்று ஒரு கிண்ணம் மோர் குடித்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு கம்பெனி, புதுக் கிணறு, கூலிகள் குடியிருக்கப் புது லயம் என்று அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கிணற்றுத் தண்ணீர் கலங்கல், பாதிப் பேர் காய்ச்சலுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள் என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். நீங்கள் உடனே விற்றீர்கள். பிறகு அந்தப் பங்கு படுத்தது. தரகர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கிராணியாரே, உங்களுக்கு மட்டும் யாரு வந்து சொல்றது?"

"மோரு சொல்லிச்சு" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

மோர் இல்லை, நான். அன்று உள்ளே நின்று கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஊரெல்லாம் உங்களைக் கெட்டிக்காரர் என்றது. அதில் பாதிக் கெட்டிக்காரத்தனம் அடுப்படியில் இருந்தது.

நீங்கள் போன பிறகும் பந்தலை நான் விடவில்லை. இந்த வருஷப் பூசத்துக்கு முத்தம்மாள் வந்தாள். நம் பணத்தில் பெரும்பகுதி எந்தத் தோட்டத்தில் இருக்கிறதோ, அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். வருஷம் தவறாமல் வருவாளே, வெற்றிலை வாயும் பெரிய குரலுமாக. இந்த முறை குரல் இல்லை. மோரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"கிராணியம்மா, போன பூசத்துக்கே சொன்னேனே, மருந்துக்காரரை நிறுத்திட்டாங்கன்னு. இன்னும் அனுப்பலியேம்மா."

"யாரு அனுப்பணும்?" என்று கேட்டேன். எனக்குப் புரியவில்லை.

"தொரைமாருதான். நீங்க எடுத்துச் சொல்லியிருப்பீங்கள்ல? ஐயா டவுன்ல கிராணியா இருந்தவரு. வருஷா வருஷம் கூப்பிட்டு வெச்சு ஒண்ணு விடாம கேக்குறீங்க. மேல போயிச் சொல்றதுக்குத்தானே கேக்குறீங்க? அதனாலதான் நாங்களும் லயத்துல பேசி வெச்சுக்கிட்டு வந்து சொல்றோம்."

அவள் மகள் செல்விக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. தோட்டத்தில் மருந்து கொடுக்க ஆள் இல்லை. மாட்டு வண்டியில் போட்டு அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "பாதி வழியிலேயே போயிருச்சும்மா" என்றாள். பிறகு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்தத் தடவையாவது கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க" என்றாள்.

"சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

போன வருஷம் அவள் அதைச் சொன்னபோது நான் என்ன நினைத்தேன் என்று உங்களிடம் மறைக்க முடியாது. கம்பெனி சிக்கனமாக நடக்கிறது, இந்த மந்தத்தைத் தாண்டிவிடும், பங்கை விற்க வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் கற்றுக்கொடுத்தபடிதான் நினைத்தேன். அது பலித்தும்விட்டது. மற்ற தோட்டங்கள் கைவிரித்த வருஷத்தில் நம் தோட்டம் கொஞ்சம் லாபம் கொடுத்தது. அந்தக் காசில்தான் இந்த வருஷத்து மோர்.

ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு முறையாவது ஏதாவது ஒரு கம்பெனிக்கு நீங்கள் எழுதியது உண்டா? அந்தக் கலங்கல் கிணற்றைப் பற்றி? நாம் விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். அந்தத் தண்ணீரை அவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். "பங்குக்காரன் முதலாளியில்லை மீனாட்சி, முதலாளி வண்டியில தொத்திக்கிட்டுப் போறவன்" என்று சொல்வீர்கள். அப்படியே இருக்கட்டும். தொற்றிக்கொண்டு போகிறவன் வாய் திறந்து, கீழே ஆள் கிடக்கிறது என்று சொல்லக்கூடாதா?

பூசம் முடிந்த வாரம் இந்த வருஷத்து அறிக்கை வந்தது. ராஜத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். மருத்துவச் செலவு நன்றாகக் குறைக்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி தொழிற்சாலைக் கூரைக்கு அடித்த சாயத்தைப் பற்றியது. ராஜம் அந்த ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தாள். நான் கேட்காமலே.

அதே நேரத்தில் சிவலிங்கம் தரகரிடமிருந்து செய்தி கொண்டுவந்தான்.

"அம்மா, நம்ம பங்கை இந்த விலைக்கு வாங்க ஆள் கிடைச்சதே பெரிசு. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. ராஜத்தோட மொத வருஷப் படிப்புக்கு ஆச்சு."

"வித்துட்டா கூட்டத்துக்குப் போக முடியுமாடா?"

"எந்தக் கூட்டம்?"

"கம்பெனிக் கூட்டம்."

அவன் சிரித்தான். "பீச் தெருவுல வெள்ளைக்காரன் ஆபீஸ் மாடியில போயி என்னம்மா செய்யப் போறீங்க? மோர் ஊத்தப் போறீங்களா?"

"பங்கு பாட்டி பேருலதான இருக்கு? அழைப்பும் பாட்டி பேருக்குத்தான் வந்திருக்கு" என்றாள் ராஜம்.

"நீ சும்மா இரு. உன் படிப்புக்குத்தான் இந்தப் பாடு." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தான். "சரிம்மா, போய்க் கேக்கணும்னா ஒரு பத்துப் பங்கை மட்டும் வெச்சுக்கிட்டு மீதிய வித்துடுங்க. கேக்குறதுக்கு அது போதும்."

உங்கள் மகன் உங்களைப் போலவே புத்திசாலி. அவன் சொன்னதில் தப்பில்லை. கம்பெனியே மூடிப்போனால் இந்தப் பத்திரங்களை அலமாரிக்கு அடியில்தான் விரிக்கவேண்டும். போனால் பேத்தியின் படிப்புப் போகும். நான் வெகுநேரம் யோசித்தேன்.

மருந்துக்காரரைத் திரும்ப வைத்தால் கம்பெனிக்குச் செலவு. செலவு ஏறினால் லாபம் குறையும். குறைந்தாலும் பரவாயில்லை, வையுங்கள் என்று நான் எழுந்து சொல்லவேண்டும். என் பணத்தையெல்லாம் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, மற்றவன் லாபத்தைக் குறைக்கச் சொன்னால் அது என்ன பேச்சு? குறைகிறவர்களில் ஒருத்தியாக நான் இருக்க வேண்டாமா?

ஒரு பங்கையும் விற்கப்போவதில்லை என்று ராஜத்திடம்தான் முதலில் சொன்னேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஒரு வருஷம் இங்கேயே பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறேன் பாட்டி. சிங்கப்பூர் எங்கயும் ஓடிடாது. ஆனா கூட்டத்துல நான்தான் உங்களுக்கு இங்கிலீஷ். அப்பா வந்தா பாதியை முழுங்கிடுவாரு."

சிவலிங்கம் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் தரகரிடம் போய் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்தான். கூட்டத்தன்று ரிக்ஷா பேசிவிடவா என்று நேற்றுக் கேட்டான்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். எத்தனை பேர் இருப்பார்களோ, சேலை கட்டிய ஒருத்தியாவது இருப்பாளோ தெரியாது. சிரிப்பார்கள். நேரமில்லை என்பார்கள். நன்றி சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பங்குக்காரர் யாராவது அன்று வந்து என் பக்கத்தில் எழுந்து நின்றால் எனக்குத் தெம்பாக இருக்கும். யாரும் வராவிட்டாலும் கேட்பேன்.

உங்களுக்கு என் வாக்கு இது. அந்த மாடியில் செல்வியின் பெயரைச் சொல்வேன். அவர்கள் சொல்லும் பதில், இல்லை என்பதாகவே இருந்தாலும், அதை முத்தம்மாளிடம் நானே கொண்டுபோவேன். அடுத்த பூசம் வரைக்கும் வைத்திருக்க மாட்டேன். அதற்குள் வேலை இல்லையென்று அவளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். பிறைக்குப் போய் ரயிலேறி அவள் லயத்து வாசலுக்கே போவேன். இத்தனை வருஷமும் அவர்கள்தானே நம்மைத் தேடி வந்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் ராஜத்தின் பாட்டியுமான
மீனாட்சி,
ஆயர் ஈத்தாம்