நீ தனியே போன ட்ராம்

இன்று காலை பஸ்ஸை விட்டிறங்கி மெத்ரோ ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது ஈரச் சீமெந்தின் மணம் வந்தது. வாசலின் ஒரு பக்கத்தைப் பலகையால் மறைத்து, மின்தூக்கிக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பலகை இடைவெளியால் பார்த்தபடி நின்றதில் அலுவலகத்துக்குப் பிந்திவிட்டது. நீ போய் இரண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது. உனக்கு எழுத வேண்டுமென்று இன்றைக்குத்தான் தோன்றியது.

மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் மறுகரையில், லொங்குய் அலுவலகத்தில் நாங்கள் எத்தனை வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம்! நான் வரைபடம் கீறுகிறவள், நீ அதைச் சரிபார்க்கிறவள். நான் யாழ்ப்பாணம், நீ மன்னார். பதினொரு வயதில் உன் வீட்டு வளவுக்குள் விழுந்த ஷெல்லைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். அந்த நாளிலிருந்து உனக்குச் சக்கர நாற்காலிதான். இந்த ஊரில் நீ எங்கே போவதென்றாலும் முதல் நாளே அழைத்துப் பதிய வேண்டும், அதற்கென்று ஒரு வாகனம் வர வேண்டும். "எனக்கு கோப்பி குடிக்க ஆசை வந்தாலும், நாளைக்குத்தான் வரவேணும்" என்பாய்.

கசபிளாங்காவில் ட்ராம் பாதையை நீட்டும் வேலையில் எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு துண்டு கிடைத்தது. தரிப்பிட மேடைகளுக்கு ஏறும் சாய்பாதைகள். வேலை முடியும் தறுவாயில் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றார்கள். என்னைத்தான் அனுப்புவதாக இருந்தது. நீயும் கையை உயர்த்தினாய். உங்களுக்கு அங்கே சிரமமாக இருக்குமே என்று மேலாளர் இழுத்தார். "சிரமமா இல்லையா எண்டு பாக்கத்தானே ஆள் அனுப்புறியள்?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். கடைசியில் இருவரையும் அனுப்பினார்கள்.

இன்னும் திறக்காத ஒரு தரிப்பிடத்துக்கு, தளப் பொறியாளர் யூசுப் எங்களைக் கூட்டிப்போனார். வெயிலில் புதுச் சீமெந்து வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. சாய்பாதை தொடங்கும் இடத்தில் மழைநீர் ஓட ஒரு கால்வாயும், அதன்மேல் இரும்புக் கம்பி மூடியும் இருந்தன. நீ வேகமாக உருட்டிக்கொண்டு வந்தாய். நாற்காலியின் முன் சில்லு கம்பிகளுக்கிடையே இறங்கிச் சிக்கியது. அடுத்த கணம் நீ தரையில் கிடந்தாய். உள்ளங்கை இரண்டும் உரசிச் சிவந்திருந்தன.

கம்பிகள் நீ வந்த திசையிலேயே நீளவாக்கில் இருந்தன. வரைபடத்தில் அவை வெறும் கோடுகள். பார்வைக்கு அழகாக இருக்குமென்று அந்தத் திசையில் கீறியவள் நான். அது உன் கண்ணிலும் படவில்லை.

உன்னைத் தூக்கி இருத்திய பிறகு யூசுப் முகம் வெளிறக் கேட்டார். "மதாம், இதை வரைந்தது யார்?"

வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். உன்னிடம் ஏன் மறைக்க? நீ கையைத் துடைத்தபடி, "நாங்கள்" என்றாய். அவ்வளவுதான்.

பின்னேரம் விடுதியில் உன் கைக்கு மருந்து போடும்போது அழுதுவிட்டேன். "அது நான் கீறினதடி."

"ஓம், தெரியும். உன்ர கோட்டை எனக்குத் தெரியாதே? நானும்தானே பாத்திட்டு ஓம் எண்டனான். அழாதை. நாளைக்கு நீயே அவருக்குச் சொல்லு."

மறுநாள் சொன்னேன். எல்லா மூடியும் வார்த்துப் பொருத்தியாகிவிட்டதே என்று யூசுப் தலையில் கை வைத்தார். நீ வாதாடவில்லை. நாற்காலியிலிருந்து மேடைக் கட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் ஒருக்கா இதில ஏறி இருந்து ஓட்டிப் பாருங்கோ" என்றாய். ஓட்டிப் பார்த்தார். சிக்கினார். எழுந்து, குனிந்து கம்பி இடைவெளியை விரலால் அளந்தார். "என் அம்மாவும் இப்போது நாற்காலியில்தான். இந்த வழியாகத்தான் சந்தைக்குப் போவார்" என்றார். அந்த வாரமே ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மூடியைக் கழற்றி, கம்பிகள் குறுக்கே வரும்படி மாற்றச் சொன்னார்.

கடைசி நாள், ஏற்கெனவே ஓடுகிற பாதையில் கடற்கரைக்குப் போக நினைத்தோம். ட்ராம் வந்து நின்றது. மேடையும் ட்ராமின் தளமும் ஒரே மட்டம். நான் பின்னால் வந்து கைபிடியைப் பிடித்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"நீ அடுத்ததில வா. நான் தனியப் போய்ப் பாக்கப் போறன்."

நான் பதில் சொல்லுமுன் உருண்டு உள்ளே போய்விட்டாய். அடுத்தது வரும்வரை தண்டவாளத்தையே எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசித் தரிப்பிடமான அயின் டியாப்பில் இறங்கிப் பார்த்தால் நீ இல்லை. கடல் இருந்தது, பட்டாணிக் கடலை விற்பவர் இருந்தார், நீ மட்டும் இல்லை. ஆளாளாக விசாரித்தேன். அரை மணிக்கும் மேலாயிற்று. பிறகு நகரத்திலிருந்து வந்த ஒரு ட்ராமின் கதவு திறந்தது. சிரித்துக்கொண்டு நீ இறங்கினாய்.

"எங்கயடி போனாய்?"

"கடலுக்கு வந்தனான். இறங்க மனம் வரேல்லை. அதான் திரும்பிப் போய்ப் பேந்தும் வந்தனான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய், "ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கேல்லையடி! ஒருத்தரும்!"

அப்படியொரு சந்தோஷத்தை உன் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

திரும்பி வந்து மூன்றாம் வருடம் உனக்கு நுரையீரலில் நோய் கண்டது. ஆஸ்பத்திரியிலும் கடைசி நாள்வரை வரைபடங்களைக் கேட்டு வாங்கி, மடியில் விரித்து வைத்திருந்தாய். உன் மேசைக்கு இப்போது வேறொருவர் வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனாலும் கூட்டங்களில் ஒரு பிழை தெரியவந்தால் அது யாருடையதென்று ஒருவரும் சொல்வதில்லை. எல்லோரும் தாள்களைப் பார்ப்பார்கள். போன வாரம் அப்படித்தான் நடந்தது. நகரின் மேற்கே கர்க்லாண்டில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கான சாய்பாதை, திரும்பும் இடத்தில் ஒடுங்கியிருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே, "அது நான் கீறியது" என்றேன். உனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

திருத்திய வரைபடத்தோடு நாளை அங்கே போகிறேன். மொன்ட்ரியால்-நோரில் என் மாடிக் கட்டிடத்தில், கீழ்வீட்டில் இருக்கும் ஹெயிட்டிக்கார அம்மாவையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். அவரும் சக்கர நாற்காலியில் போகிறவர். நான் வந்து என்ன செய்ய, எனக்கு வரைபடம் ஒன்றும் விளங்காதே என்று தயங்கினார். வரைபடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பாதையைப் பாருங்கள் என்றேன். எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டுமென்று கேட்டார்.